இரண்டு கையெழுத்து கேட்கும் ஏரி

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், அம்மாவின் இடது முழங்காலும் என் குணமும் நீங்கலாக என்று சேர்க்கச் சொல்கிறாள் அம்மா, சேர்த்துவிட்டேன். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்பிக்கைதான், வேறு ஆதாரம் இல்லை. ஃபோனை நான் எடுத்தால் நல்லா இருக்கேன்பா, அம்மாகிட்ட குடுங்க என்று நாலு வார்த்தையில் முடித்துவிடுகிறாய். மூன்று வயதில் பக்கத்து வீட்டுக்காரர்களை நிற்க வைத்துக் கதை சொன்னவள் என்பதால்தான் உனக்கு வாயாடி என்று பெயர் வைத்தேன், இப்போது அந்தப் பெயரை எழுதும்போது யாரோ வேறொருத்திக்கு எழுதுவது போல இருக்கிறது. அதனால்தான் இந்த முறை கடிதம். கடிதத்தைப் பாதியில் அம்மாவிடம் கொடுக்க முடியாது, கடைசி வரைக்கும் நீதான் படித்தாக வேண்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவின் பள்ளிக்கூடத்தில் நூலகத்தை மூன்றாம் மாடிக்கு மாற்றிவிட்டார்கள், முழங்கால் வலி என்று அவள் எழுதிக் கொடுத்ததற்கு, மாடி ஏறினால் முழங்காலுக்கு நல்லது என்று தலைமையாசிரியர் பதில் எழுதியிருக்கிறார், அந்தக் காகிதத்தை நான் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். அத்தை வீடு மாறிவிட்டாள், புது வீட்டில் சமையலறை இவ்வளவு பெரியது என்று சொல்லவே இரண்டு முறை வந்தாள். நம் கட்டடத்தில் கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே ஓடுகிற தண்ணீர்க் குழாய் கசிகிறது, இதைச் சும்மா சொல்லவில்லை, பின்னால் வரும். நீ அங்கே லிஃப்ட் சோதிக்கும் வேலையில் இன்னும் கிணறு மாதிரி இருக்கிற அந்தப் பள்ளத்துக்குள் இறங்குகிறாயா, அல்லது மேலேயிருந்து மற்றவர்களை இறக்குகிற அளவுக்கு உயர்ந்துவிட்டாயா என்று அம்மாவுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இறங்குவதானால் ஒன்று சொல்கிறேன், மின்சாரத்தை நிறுத்தியாச்சு என்று யார் சொன்னாலும் நம்பாதே, நீயே போய் சுவிட்சைப் பார்த்து, பூட்டுப் போட்டு, சாவியை உன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கு. மனிதர்களைப் பற்றி இருபத்தெட்டு வருட உத்தியோகத்தில் நான் கற்றுக்கொண்டது மொத்தமும் இவ்வளவுதான்.

உத்தியோகம் என்றதும் நினைவு வந்தது. தலையாட்டியை நினைவிருக்கிறதா, எனக்கு அடுத்த மேசையில் சேர்ந்து, மேலதிகாரி என்ன சொன்னாலும் தலையை ஆட்டி ஆட்டியே இன்று எங்கள் நீரளவைப் பிரிவுக்குத் தலைவராகிவிட்டவன். நீர்த்தேக்கத்தின் ஆழத்தை அங்குலம் அங்குலமாக நான் படகில் போய் அளந்தேன், வரைபடம் அவன் பெயரில் சுவரில் தொங்குகிறது. அந்தப் படத்துக்குக் கீழேதான் இப்போதும் என் நாற்காலி. நான்கு மாதம் முன்னால் ஒரு நாள் தேநீர் நேரத்தில், மலை மேலே தேசியப் பூங்காவில் இருக்கிற மூன்று ஏரிகளைப் பற்றி யாரோ பேச்செடுத்தார்கள். அந்த மூன்றிலும் பாய்ப்படகில் போய்ப் பார்க்க வேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தேன், இன்றைக்கும் அது ஏதோ ஒரு அலமாரியில் கிடக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் தலையாட்டி, "நம்ம சார் போய்ட்டு வந்துட்டாரே, மேப் மேலயே படகு விட்டு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பிஸ்கட் டப்பாவைத் திறந்துகொண்டிருந்த தட்டச்சாளர் அம்மா கூடச் சிரித்தார், அவர் நல்ல மனுஷி. நான் அன்று சாயங்காலமே பாக்கியிருந்த விடுமுறை அத்தனைக்கும் விண்ணப்பம் கொடுத்தேன். ஓய்வெடுங்க சார், வயசாகுதில்ல என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். யார் யார் எனக்கு என்ன செய்தார்கள் என்று நான் வைத்திருக்கிற பட்டியலில் அதையும் குறித்துக்கொண்டேன். உன் அம்மா சொல்கிறாள், உங்க கோபங்களுக்கெல்லாம் கல்யாண வயசு வந்தாச்சு, ஒண்ணையாவது கட்டிக் குடுத்து அனுப்புங்க என்று.

நான் போகத்தான் போகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதைப் படிக்கும்போது உனக்குச் சந்தேகம் வரலாம். ஒரு பல் மருத்துவரிடமிருந்து பதினான்கு அடிப் படகு ஒன்று வாங்கினேன், அவர் வாங்கி மூன்றே முறை ஏறியிருக்கிறார், மூன்றாம் முறை அவர் மனைவி ஏதோ சொல்லியிருக்கிறார், அதற்குப் பின் ஏறவில்லை. பாய்மரம் இரண்டு துண்டு, ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொள்ளும். பெரிய பாயில் இரண்டு இடத்தில் கிழிசல், அம்மா முணுமுணுத்துக்கொண்டே தைத்துக் கொடுத்தாள், தையல் பாயை விட உறுதியாக இருக்கிறது. முதல் ஏரி பதினோரு கிலோமீட்டர் நீளம், கத்தி உறை போல ஒடுக்கம். காலையில் கண்ணாடி மாதிரி கிடக்கும், பதினோரு மணி வாக்கில் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கிக் காற்று புறப்படும், மூன்றுக்கு மேல் பக்கத்து மலை மடிப்புகளிலிருந்து திடீர் திடீரென்று இறங்கி அடிக்கும். பன்னிரண்டு வருடக் காற்றுப் பதிவுகளை உட்கார்ந்து நகல் எடுத்து வைத்திருக்கிறேன். ஆகவே பதினொன்றுக்குப் பாய் விரிப்பது, மூன்றுக்குள் கரை சேர்வது, அன்றைக்கு எவ்வளவு நல்ல காற்றானாலும் சரி. இரண்டாம் ஏரிக்குப் போகிற கால்வாயின் மேல் ஒரு நடைபாலம் இருக்கிறது, பாய்மரத்தைக் கழற்றிப் படுக்க வைத்து, துடுப்புப் போட்டுப் போக வேண்டும். மூன்றாம் ஏரிக்கு நீர்வழியே இல்லை, படகைச் சின்ன இரண்டு சக்கர வண்டியில் ஏற்றி அறுநூறு மீட்டர் மேட்டில் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தங்குகிற இடங்களுக்கு எண் உண்டு, எந்த ராத்திரி எந்த எண் என்று முன்கூட்டியே பதிய வேண்டும். சாப்பாட்டுச் சாமான், சோப்பு, பற்பசை எல்லாவற்றையும் அங்கேயுள்ள இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும், பற்பசை வாசனைக்குக் கரடி வருமாம். கரடி பல் விளக்குமா என்று அம்மா கேட்டாள், விளக்கினால் அந்தப் பல் மருத்துவரிடம் அனுப்பலாம் என்றேன், சிரித்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் என் பேச்சுக்கு அவள் சிரித்ததால் இதையும் எழுதுகிறேன்.

பத்து நாள், தனியாக. அதுதான் முதல் திட்டம். யாரையும் கூட்டிக்கொண்டு போவதாக நான் நினைக்கவே இல்லை, என் உத்தியோகத்தில் கூட வந்தவர்கள் யாரும் எனக்கு நல்லது செய்ததில்லை. ஆனால் மலை ஏரிக்குப் போகிற படகுக்கு ஒரு சோதனை இருக்கிறது. கீழ்நாட்டு நீர்த்தேக்கங்களில் கடுகளவு சிப்பி ஒன்று பெருகிக் கிடக்கிறது, படகின் இடுக்கில் ஒரு ஸ்பூன் தண்ணீர் தங்கினாலும் அதில் ஏறிப் போய் மலைத் தண்ணீரையும் கெடுத்துவிடும். அதனால் பூங்காக்காரர்கள் படகைச் சோதித்து, இடுக்கிலெல்லாம் கொதிநீர் ஊற்றி, படகையும் அது உட்கார்ந்திருக்கிற டிரெய்லரையும் சேர்த்து ஒரு கம்பியால் கட்டி, எண் போட்ட சீல் வைப்பார்கள். அதற்குப் பிறகு முப்பது நாள் படகு சொட்டு நீர் படாமல் காய வேண்டும். சீல் அறுந்தால் படகு எங்கேயோ தண்ணீரில் இறங்கியதாகக் கணக்கு, மறுபடி ஒன்றிலிருந்து முப்பது. எனக்கு வந்த சோதனை அதிகாரி ஒரு பெண், உன்னை விட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார், படகுக்கு அடியில் படுத்துப் பார்த்தார், வெள்ளைத் துணியால் துடைத்துத் துணியைப் பார்த்தார். இந்த நாட்டில் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்கிற ஒருவரைப் பார்த்து எத்தனையோ காலம் ஆயிற்று என்று அவரிடமே சொன்னேன். கார் நிறுத்தும் இடத்தில் நம் பங்குக்குரிய கட்டத்தில் படகை நிறுத்தி, உறை போட்டு, சுவரில் நாள்காட்டி மாட்டினேன். தினம் காலையில் போய் சீலைப் பார்த்துவிட்டு ஒரு நாளை அடிப்பேன்.

இருபத்து மூன்றாம் நாள் காலையில் போனால், டிரெய்லருக்கு அடியில் தரை ஈரம். உறையின் முடிச்சு நான் போட்ட முடிச்சு இல்லை. சீல் கம்பி இரண்டு சுற்று முறுக்கப்பட்டு டிரெய்லர் சட்டத்தில் செருகியிருந்தது. பக்கத்துக் கட்டத்தில் ஹார்னின் பழைய கார் கழுவிவிட்ட மாதிரி ஈரமாக நின்றது. ஹார்ன் யாரென்று உனக்குத் தெரியும், கீழ்வீட்டில் இருக்கிற ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், நீ ஊரைவிட்டுப் போன வருடம் குடியிருப்போர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் என்னைப் படிச்ச மேதை என்று சொன்னாரே, அன்றிலிருந்து பேச்சில்லை. கார் கழுவுகிற சாக்கில் என் படகில் தண்ணீர் அடித்திருக்கிறார், சீலையும் நோண்டியிருக்கிறார் என்று எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. எனக்கு எப்போதும் ஒரு நொடியில்தான் விளங்கும். வாய்ப்பேச்சு வேண்டாம், ஆதாரத்தோடு போவோம் என்று மேலே வந்து கம்பி வெட்டும் இடுக்கியை எடுத்துப் போய், முறுக்கியிருந்த அந்தக் கம்பியைச் சீலோடு வெட்டி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, மேலே தேதியும் நேரமும் எழுதி, பஸ் பிடித்துச் சோதனை அலுவலகத்துக்குப் போனேன்.

நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. எனக்குப் பஸ்ஸில் போகும்போது கூடத் தோன்றவில்லை. அதிகாரி மேசையில் உறையை வைத்து, என்ன நடந்தது என்று வரிசைக்கிரமமாக எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். சீல் அறுந்திருந்ததா என்றார், இல்லை, முறுக்கியிருந்தது என்றேன். அப்புறம் யார் அறுத்தது என்றார். நான் என் கையையே பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை, அதற்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். "சார், யாரும் வெட்டக் கூடாதுன்னுதான் அதைக் கட்டிவிட்டேன்" என்றார், பள்ளிக்கூடப் பிள்ளையிடம் சொல்வது போல. பிறகு என்னோடு வண்டியில் வந்து பார்த்தார். மேலேயிருந்து குழாய் கசிந்திருக்கிறது. முந்தின நாள் சாயங்காலம் ஹார்ன் அதைப் பார்த்துவிட்டு, சொட்டு நேராகப் படகு உறையில் விழுகிறதே என்று, தன் காரை மூடுகிற தார்ப்பாயைக் கொண்டுவந்து உறைக்கு உள்பக்கமாகப் போர்த்தி, முடிச்சை இறுக்கிக் கட்டி, தொங்கிக்கொண்டிருந்த கம்பி நுனி யார் காலிலும் மாட்டிவிடாமல் முறுக்கிச் செருகியிருக்கிறார். தன் காரைத்தான் நனைய விட்டிருக்கிறார், நான் கழுவியது என்று நினைத்தது அதுதான். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டால், நாமதான் பேசறதில்லையே சார் என்கிறார். படகுக்குள் ஒரு சொட்டு ஈரம் இல்லை, அதிகாரி தொட்டுப் பார்த்துச் சொன்னார். ஆனால் சீல் இல்லை. அவர் மறுபடி கொதிநீர் ஊற்றினார், மறுபடி கம்பி கட்டினார், நான் மறுபடி நாள்காட்டியில் ஒன்று என்று எழுதினேன்.

அதனால் பழைய தேதி போயிற்று. இனி இருப்பது பருவத்தின் கடைசிப் பத்து நாள் மட்டும், அதற்குப் பின் பூங்காவில் படகுகளுக்கு வாசலை அடைத்துவிடுவார்கள். அந்தப் பத்து நாளில் ரோந்துப் படகு கிடையாது, தண்ணீர் எட்டு டிகிரிக்கு இறங்கிவிடும், விழுந்தால் பத்து நிமிடத்தில் விரல் சொன்ன பேச்சைக் கேட்காது. ஆகவே தனி ஆளுக்கு அனுமதி இல்லை. படகில் இரண்டு பேர் இருக்க வேண்டும், இரண்டு பேரும் படிவத்தில் தங்கள் கையால் கையெழுத்துப் போட வேண்டும். அதிகாரி இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மாவும் இறங்கி வந்து நின்றாள், ஹார்னும் அங்கேயே நின்றார். உங்களுக்கு யாரும் இல்லையா சார் என்று அதிகாரி கேட்டார். உன் அம்மாவுக்கு ஊஞ்சலில் உட்கார்ந்தாலே தலை சுற்றும். நான் பதில் சொல்வதற்குள் ஹார்ன் முன்னால் வந்து, "நான் வர்றேன் சார். நீச்சல் தெரியாது. ஆனா முப்பத்தோரு வருஷம் மலை ரோட்டுல ஓட்டியிருக்கேன், ஹார்ன் அடிக்காம ஒரு வளைவுலகூடத் திருப்பினதில்ல" என்றார். அதிகாரி சிரித்துவிட்டார். நானும் சிரித்திருப்பேன், ஆனால் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும், செருப்பைக் கூடக் கழற்றாமல் அம்மா சொன்னாள். நீர்த்தேக்கத்தில் நாம் கவிழ்ந்த அன்றைக்கு நீ அவளிடம் சொன்னதை, பதினான்கு வருடம் அவள் உள்ளேயே வைத்திருந்ததை. "அப்பா சொல்லாம திருப்பிட்டாரும்மா. அவர்கிட்ட கேக்காதீங்க, கோச்சுப்பார்" என்று நீ சொன்னாயாம். பதின்மூன்று வயதில். நான் கோபித்துக்கொள்வேன் என்று.

இதை எழுத எனக்கு நாலு நாளாயிற்று. மற்றதெல்லாம் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன், இந்த இடத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படகைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நீ சரி பார்த்துக்கொள். நீர்த்தேக்கத்தில் அலுவலகப் படகு. சுக்கான் என் கையில், பெரிய பாயின் கயிறு உன் கையில். காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. கரையில் அலுவலகத்தார் எல்லோரும் துண்டு விரித்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அப்போதைய பெரிய அதிகாரியும் இருந்தார், தலையாட்டி கேமராவை வைத்துக்கொண்டு நின்றான். அவர்களுக்கு முன்னால் படகை அழகாக ஒரு வெட்டு வெட்டித் திருப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பின்காற்றில் திருப்பினால் பாயின் அடிக்கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வெறிபிடித்த மாதிரி பாயும், அதனால் திருப்பும் முன் திருப்பறேன் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், கூட இருப்பவர் குனிந்து, கயிற்றை இழுத்துச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் திருப்ப வேண்டும். உனக்கு அதைக் கற்றுக்கொடுத்ததே நான். அன்று நான் சொல்லவில்லை. கரையைப் பார்த்துக்கொண்டே திருப்பினேன். கட்டை உன் தோளை அடித்தது, படகு கவிழ்ந்தது, தண்ணீரிலிருந்து நம்மை இழுத்து ஏற்றினார்கள். என்ன சார் ஆச்சு என்று தலையாட்டி கேட்டான். பெண் கயிற்றை விட்டுவிட்டாள் என்று நான் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் மிகவும் வெறுக்கிற மனிதன் முன்னால் என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள நான் கொடுத்தது உன்னை. அவனிடம் ஒரு தடவை சொன்னதோடு விட்டேனா, அத்தை வீட்டில் சொன்னேன், வருகிறவர்களுக்கெல்லாம் வேடிக்கையாகச் சொன்னேன். நான் கதையை ஆரம்பித்ததும் நீ தண்ணீர் எடுக்க எழுந்து சமையலறைக்குப் போவாய். எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான் வருவாய். இனிமேல் அப்பாவோடு ஒரே படகில் ஏற மாட்டேன் என்று நீ அம்மாவிடம் சொன்னதைக் கேட்டு, பெற்ற மகளே இப்படியா என்று உன் பெயரையும் என் பட்டியலில் எழுதி வைத்தேன். பதினான்கு வருடம் அது அங்கே இருந்தது.

இதில் எனக்கு மன்னிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. அன்று சாயங்காலம் அம்மா உன் இரண்டு உள்ளங்கையிலும் மருந்து போட்டுத் துணி சுற்றினாள். கயிறு ஓடி உரசிய காயம், குறுக்காகச் சிவப்பாக இரண்டு கோடு. நான் பக்கத்தில்தான் நின்றேன், பார்த்தேன். கயிற்றை விட்டவள் கையில் காயம் இருக்காது. பிடித்துக்கொண்டிருந்தவள் கையில்தான் இருக்கும். ஆதாரம் ஆதாரம் என்று வெட்டிய கம்பியை உறையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிற மனிதன், கண்ணுக்கு முன்னால் இருந்த அந்த ஆதாரத்தைப் பார்க்க மாட்டேன் என்று இருந்திருக்கிறேன். நீ பிடித்துக்கொண்டுதான் இருந்தாய். இதைத் தலையாட்டியிடமும் சொல்லிவிட்டேன், போன செவ்வாய்க்கிழமை, விடுமுறையில் இருப்பவன் அதற்கென்றே அலுவலகத்துக்குப் போய், அதே தேநீர் நேரத்தில், தட்டச்சாளர் அம்மாவும் மற்றவர்களும் கேட்கச் சொன்னேன். அவன் வழக்கம்போலத் தலையை ஆட்டினான், அவனுக்கு அந்தச் சம்பவமே நினைவில்லை போலிருக்கிறது. அத்தையிடமும் சொன்னேன், அவள் மட்டும் அழுதாள், பிறகு சமையலறையைப் பற்றிப் பேசினாள். தலையாட்டி விஷயத்தில் என் மனம் மாறிவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே, வரைபடம் வரைபடம்தான், அது என்னுடையது. ஹார்னை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். அவருடைய தார்ப்பாயைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், உட்கார வைத்துவிட்டார், எழுந்து வர இரண்டு மணி நேரமாயிற்று.

இனி விஷயத்துக்கு வருகிறேன். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் இருபதாம் தேதிக்குள் அது பூங்கா அலுவலகத்தில் இருக்க வேண்டும். படகு அதற்கு முன்பே முப்பது நாள் முடித்துவிடும், இந்த முறை இடுக்கியை அம்மா ஒளித்து வைத்திருக்கிறாள். உனக்கு இரண்டு வாரம் விடுப்பு வேண்டியிருக்கும். லிஃப்டுகள் அதுவரைக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கட்டும், உலகத்துக் கம்பிக் கயிறுகளையெல்லாம் நீதான் தொட்டுப் பார்த்து உறுதி சொல்கிறாய் என்று அம்மா சொன்னபோது எனக்கு ஏதோ போல இருந்தது, அதை இங்கே விவரிக்கவில்லை. வருவதானால் கம்பளிக் காலுறை மூன்று ஜோடி, நனைந்தாலும் சூடு விடாத கையுறை ஒன்று கொண்டு வா, உள்ளங்கைப் பக்கம் தோல் வைத்துத் தைத்ததாகப் பார்த்து வாங்கு. லைஃப் ஜாக்கெட் இங்கே இரண்டு இருக்கிறது, உனக்கானதை அம்மா அளவு குறைத்துத் தைத்திருக்கிறாள், நீ இளைத்திருப்பாய் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். முதல் இரண்டு நாளும் காலையில், காற்று எழுவதற்கு முன், கரை ஓரமாகவே பழகுவோம். நீ வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதை நான் எந்தப் பட்டியலிலும் எழுத மாட்டேன், உன்னிடம் கேட்கிற உரிமையை நான் என்றைக்கோ தொலைத்துவிட்டேன் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பயணம் நிற்காது. ஹார்னுக்கென்று வேறொரு படிவம் வாங்கி வைத்திருக்கிறேன். மாடிப்படிக் கம்பியில் அவருக்கு முடிச்சு பழக்கிக்கொண்டிருக்கிறேன், எட்டு முடிச்சில் ஐந்து அவிழவே மாட்டேன் என்கிறது, ஒன்றை வெட்டித்தான் எடுத்தோம். வாரம் இரண்டு நாள் நீச்சல் குளத்துக்கும் போகிறார், இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு பேசிக்கொண்டே இருக்கிறாராம். அவரோடு போனாலும் போவேன். உன்னோடு போக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இரண்டும் உண்மை.

படிவத்தைக் கவனமாகப் பார். அதில் இரண்டு இடம் இருக்கிறது, மேலே படகைச் செலுத்துபவர், கீழே உடன் செல்பவர். கீழே நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இடம் மாறிப் போடவில்லை, யோசித்துத்தான் போட்டேன், அம்மா சாட்சி. மேலே இருக்கிற இடம் காலியாக இருக்கிறது. சுக்கான் பிடித்து உனக்குப் பழக்கமில்லை என்று சொல்வாய், படகு சின்னது, மூன்று நாளில் வந்துவிடும், உனக்கு அன்றைக்கே நல்ல கை. போட மனமில்லையென்றால் கிழித்துவிடு, அம்மாவிடம் ஃபோனில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என்னிடம் கொடுக்கச் சொல்ல வேண்டியதில்லை.

நோய் நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல், என்னைப் போல எதையும் சேர்த்து வைக்காமல் நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். அம்மா தன் அன்பைச் சொல்லச் சொன்னாள், முழங்காலுக்கு நீ அனுப்பிய பட்டையைப் போட்டுக்கொள்வதாகவும் சொல்லச் சொன்னாள், அது பொய், அலமாரியில் இருக்கிறது. மறந்துவிடாதே, இருபதாம் தேதி, நீல மையில் கையெழுத்து. நீ சுக்கான் பிடிக்கும்போது கயிறு என் கையில் இருக்கும், விட மாட்டேன். திருப்பும் முன் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடு.

இப்படிக்கு,
உடன் வருகிறவன்,
உன் அப்பா